போர்க்காலத்தில் ஒரு வானொலி வணிகம்

கொங்கு நாட்டில் கல்யாண வீட்டிற்கும் கோயில் நோன்பிற்கும் ஒலிபெருக்கி அமைப்பதை 'ரேடியோ செட் கட்டுவது' என்றே இன்றும் பலர் சொல்வதுண்டு. பாட்டு இசைத்தட்டிலிருந்து வந்த காலத்திலும் சரி, ஒலிநாடாவிலிருந்து வந்த காலத்திலும் சரி, அதில் வானொலிக்கு வேலையே இருந்ததில்லை. பிறகு ஏன் இந்தப் பெயர்? வானொலிப் பெட்டியை விற்றவர்களும் பழுது பார்த்தவர்களுமே ஒலிபெருக்கியை வாடகைக்கு விடும் தொழிலையும் கவனித்து வந்தனர் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. இரண்டிற்கும் உள்ளே இருந்த சரக்கும் ஒன்றுதான்: வால்வு எனப்படும் வெற்றிடக் குழல், மின்தேக்கி, மின்மாற்றி, ஒலிபெருக்கி.

இந்த இரண்டு தொழில்களையும் இந்தியாவில் பெரிய அளவில் நடத்திய ஒரு நிறுவனம் இரண்டாம் உலகப் போரை எப்படிக் கடந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம். சரக்கு வராத காலத்தில் ஒரு வணிகர் என்ன செய்வார் என்பது பொருளாதார மாணவருக்குரிய கேள்வி. அந்தச் சரக்கை ஏன் இங்கே செய்துகொள்ள இயலவில்லை என்பது இயற்பியல் மாணவருக்குரிய கேள்வி. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

சிந்து மாநிலத்தில் சிந்து நதிக் கரையில் சுக்கூர் என்றொரு ஊர் உண்டு. இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. 1909ஆம் ஆண்டு அங்கே கியான்சந்த் மோட்வானே என்பவர் ஈஸ்டர்ன் எலெக்ட்ரிக் அண்டு டிரேடிங் கம்பெனி என்ற பெயரில் மின் சாதனக் கடை ஒன்றைத் தொடங்கினார். மின்சாரம் என்ற சொல்லே பலருக்குப் புதிதாக இருந்த காலம் அது. கடை சில ஆண்டுகளில் கராச்சிக்கும், 1919இல் பம்பாய்க்கும் இடம் பெயர்ந்தது. தொலைபேசிச் சாதனங்களை விற்றபோது 'சிகாகோ டெலிபோன்' என்றும், வானொலி வந்த பிறகு 'சிகாகோ ரேடியோ' என்றும் அதன் பெயர் மாறியது. பெயரில்தான் சிகாகோ, முதலும் உழைப்பும் முழுக்கச் சிந்து மக்களுடையவை. வெளிநாட்டுப் பெயர் இருந்தால்தான் மின் சாதனத்தை மக்கள் நம்புவார்கள் என்ற எண்ணம் அன்று இருந்தது. இன்றும் முற்றிலும் போய்விட்டதாகச் சொல்ல முடியாது.

கியான்சந்தின் மகன் நானிக் மோட்வானே. கடையில் வந்து கேட்பவருக்கு எடுத்துக் கொடுப்பதோடு தொழில் முடிந்துவிடாது என்பதை உணர்ந்தவர் இவர். அக்காலத்தில் காந்தியடிகள் பேசும் கூட்டங்களுக்கு ஆயிரக்கணக்கில் மக்கள் திரண்டனர். ஆனால் அவர் பேச்சைக் கேட்டவர்கள் முன்வரிசைக்காரர்கள் மட்டுமே. பின்னால் இருந்தவர்கள் தரிசனத்தோடு திரும்பினார்கள். இந்தக் குறையை ஒலிபெருக்கியால் தீர்க்கலாம் என்று நானிக் கருதினார்.

இதில் உள்ள கணக்கைச் சற்றுப் பார்ப்போம். திறந்த வெளியில் ஒலியின் செறிவு தொலைவின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்பதை மேல்நிலை வகுப்பு மாணவர்கள் அறிவர். தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறையும். ஒருவர் உரக்கப் பேசும்போது ஒரு மீட்டர் தொலைவில் 80 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். 2, 4, 8, 16, 32, 64 மீட்டர் என்று ஆறு முறை இரட்டித்தால் 36 டெசிபெல் போய் 44 டெசிபெல்தான் மிஞ்சும். பெருங்கூட்டத்தின் முணுமுணுப்பே அதைவிட அதிகம். ஆகவே எவ்வளவு நல்ல குரல்வளம் உள்ளவரானாலும் ஐம்பது அறுபது மீட்டருக்கு அப்பால் அவர் வாய் அசைவதை மட்டுமே காண முடியும். அமெரிக்காவில் பீட்டர் ஜென்சன், எட்வின் பிரிதாம் என்ற இருவர் 1915ஆம் ஆண்டிலேயே சான்பிரான்சிஸ்கோ நகரில் பெருங்கூட்டத்திற்கு ஒலிபெருக்கியைப் பயன்படுத்திக் காட்டிவிட்டனர். வால்வு பெருக்கி பெருகிய பிறகே அது உலகெங்கும் பரவியது.

1931 மார்ச் மாதம் கராச்சியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. அங்கே சிகாகோ ரேடியோவின் ஒலிபெருக்கிகள் இடம்பெற்றன. அதன் பிறகு காங்கிரஸ் மாநாடு என்றால் சிகாகோ ரேடியோ என்றாயிற்று. இந்தப் பணியைப் பெரும்பாலும் தொண்டாகவே நானிக் ஏற்றுச் செய்தார். அதே நேரத்தில் ஒவ்வொரு ஒலிவாங்கியின் மீதும் நிறுவனத்தின் பெயர்ப் பலகை இருந்தது. காந்தியடிகள், நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகியோர் பேசும் பழைய புகைப்படங்களை உற்றுப் பாருங்கள். பலவற்றில் முகத்திற்கு முன்னால் 'சிகாகோ ரேடியோ' என்ற எழுத்துகள் தெரியும். காசு கொடுத்தாலும் கிடைக்காத விளம்பரம் இது. தொண்டு பாதி, வணிகம் பாதி என்று நான் கருதுகிறேன். இரண்டும் கலந்திருந்ததில் குறை ஒன்றும் இல்லை.

வணிக முறையில் இதன் பயன் வேறொன்று. பெட்டி விற்கும் கடைக்காரருக்குப் பெட்டியைப் பற்றிய அறிவு அவ்வளவாகத் தேவைப்படாது. மாநாட்டுப் பந்தலில் ஒலிபெருக்கி கட்டுபவருக்கு அது போதாது. மின்சாரம் இல்லாத ஊரில் மின்னாக்கியைக் கொண்டுபோக வேண்டும். வெயிலில் காய்ந்த கம்பியை ஒட்ட வேண்டும். தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வால்வு கருகினால் மாற்ற வேண்டும். இறக்குமதிக் கருவி நம் வெப்பத்திற்கும் தூசிக்கும் தாங்காதபோது அதைப் பிரித்து மாற்றியமைக்க வேண்டும். பத்து ஆண்டுகளில் இந்த நிறுவனத்திடம் கருவி அறிந்த பணியாளர் படை ஒன்று உருவாகியிருந்தது. போர் வந்தபோது கிடங்கில் இருந்த சரக்கைவிட இதுவே பெரிய கையிருப்பாயிற்று.

1939 செப்டம்பரில் போர் தொடங்கியது. அப்போது இந்தியாவில் வானொலி உரிமம் பெற்றவர்கள் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. சென்னை வானொலி நிலையம் திறக்கப்பட்டு ஓராண்டு சென்றிருந்தது. திருச்சி நிலையம் அவ்வாண்டு மே மாதம்தான் தொடங்கியிருந்தது. 1933ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இன்றிக் கம்பியில்லாத் தந்திக் கருவி எதையும் வைத்திருப்பது குற்றம். வானொலி கேட்பவர் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி உரிமம் பெற வேண்டும். கருவிகளை விற்கும் வணிகருக்கும் உரிமம் உண்டு. அதை அரசு நினைத்தால் பறித்துக்கொள்ளலாம். ஆக வானொலி வணிகம் என்பது அரசின் தயவில் நடந்த வணிகம். போர் மூண்டதும் இந்தப் பிடி மேலும் இறுகியது. பொழுதுபோக்காக ஒலிபரப்பிக் கருவிகளை வைத்திருந்த அமெச்சூர் வானொலியாளர்கள் அனைவரும் அவற்றைக் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது.

அடுத்த அடி சரக்கின் மேல் விழுந்தது. 1940 மே மாதம் இந்திய அரசு இறக்குமதிக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. அதே மாதத்தில்தான் ஹிட்லரின் படைகள் ஹாலந்துக்குள் நுழைந்தன. ஹாலந்தின் ஐந்தோவன் நகரில் இருந்த பிலிப்ஸ் தொழிற்சாலை உலகின் பெரிய வால்வு உற்பத்திக் கூடங்களுள் ஒன்று. ஜெர்மானியப் படை நுழைவதற்குச் சற்று முன்பு அங்கிருந்து 25,000 வால்வுகள் கப்பலேறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. இ.எஃப். 50 என்ற அந்த வகை வால்வு, தொலைக்காட்சிக்காக வடிவமைக்கப்பட்டது. இங்கிலாந்தின் ரேடார் கருவிகளில் அது பெரும் பணி ஆற்றியது. வால்வு என்பது துப்பாக்கி ரவையைப் போல் ஒரு போர்த் தளவாடம் ஆகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1942 ஏப்ரலில் அமெரிக்காவும் பொதுமக்களுக்கான வானொலிப் பெட்டி உற்பத்தியை அடியோடு நிறுத்தி, தொழிற்சாலைகளைப் படைக் கருவிகளின் பக்கம் திருப்பியது. இங்கிலாந்தில் சொந்த மக்களுக்கே பெட்டி கிடைக்காமல், 1944இல் 44 உற்பத்தியாளர்கள் சேர்ந்து ஒரே வடிவில் ஓர் எளிய பெட்டியைச் செய்து விற்க நேர்ந்தது. இந்தியக் கடைக்காரரின் கடிதத்திற்கு யார் பதில் எழுதப் போகிறார்கள்?

இந்த வேளையில்தான் மக்களுக்கு வானொலி முன்பு எப்போதையும்விட அதிகமாகத் தேவைப்பட்டது. 1942 ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பு மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையை விட்டு மக்கள் கூட்டம் கூட்டமாக உள்நாட்டு ஊர்களுக்குப் புறப்பட்டனர். நாளிதழ் மறுநாள்தான் வரும். அதுவும் தணிக்கையாகி வரும். வானொலி அன்றிரவே சொல்லும். டெல்லி ஒரு மாதிரி சொன்னால், பெர்லினும் டோக்கியோவும் வேறு மாதிரி சொல்லும். 1942 பிப்ரவரி முதல் நேதாஜியின் குரல் பெர்லினிலிருந்து வந்துகொண்டிருந்தது. இந்தச் சூழலில் கேட்போர் தொகை குறையவே இல்லை. விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் நாட்டில் சுமார் இரண்டே முக்கால் லட்சம் வானொலிப் பெட்டிகள் இருந்தன. புதுப் பெட்டி அரிதாகிப் போன ஆண்டுகளைத் தாண்டியும் தொகை ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகியிருக்கிறது.

ஆகவே போர்க்கால வானொலி வணிகர் எதை விற்றார் என்றால், பெட்டியின் ஆயுளை விற்றார் எனலாம். இருக்கும் பெட்டியைச் சாகாமல் வைத்திருப்பதே தொழில். ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். சில அமெரிக்கப் பெட்டிகளில் ஐந்து வால்வுகளின் சூடேற்றும் இழைகளும் தொடர்ச் சுற்றில் இணைக்கப்பட்டிருக்கும். மூன்று வால்வுக்கு 12.6 வோல்ட், ஒன்றுக்கு 35, மற்றொன்றுக்கு 50. கூட்டினால் ஏறத்தாழ 123 வோல்ட். எல்லாவற்றிலும் ஓடும் மின்னோட்டம் 0.15 ஆம்பியர். தொடர்ச் சுற்று ஆதலால் ஒரு வால்வின் இழை அறுந்தால் ஐந்தும் அணையும். அதே 12.6 வோல்ட் வால்வு சந்தையில் இல்லை, 6.3 வோல்ட்டில் 0.15 ஆம்பியரே எடுக்கும் வேறொரு வால்வு கைவசம் இருக்கிறது. என்ன செய்வது? மீதி 6.3 வோல்ட்டை ஒரு மின்தடையில் இழக்கச் செய்யலாம். ஓம் விதிப்படி 6.3ஐ 0.15ஆல் வகுத்தால் 42 ஓம். 42 ஓம் கம்பித் தடை ஒன்றைச் சேர்த்துவிட்டால் ஊமையான பெட்டி பேசும். பத்தாம் வகுப்பு ஓம் விதிதான். ஆனால் அந்த நாளில் அது ஒரு குடும்பத்திற்குப் போர்ச் செய்தியைத் திருப்பித் தந்தது. இன்று எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இந்தக் கணக்கைக் கொடுத்தால், 'ஏன் சார், புதுசு வாங்கிக்கலாமே?' என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

குழாய் ஸ்பீக்கரின் பெருமையும் இங்கேதான் விளங்கும். பெட்டிக்குள் இருக்கும் சாதாரண ஒலிபெருக்கி, தனக்குக் கிடைக்கும் மின்திறனில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கையே ஒலியாக மாற்றும், மீதி வெப்பமாகும். சிறிய தகடு காற்றை நேராகத் தள்ளும்போது காற்று எளிதில் வழுவிவிடுவதே காரணம். அதன் முன்னால் மெல்ல மெல்ல விரியும் குழாயைப் பொருத்தினால் தகட்டிற்கும் வெளிக் காற்றிற்கும் இணக்கம் ஏற்பட்டு, இருபது முப்பது பங்கு வரை ஒலியாகும். அதாவது வால்வுகளைப் பல மடங்கு பெருக்கிப் பெற வேண்டிய ஒலியைத் தகரக் குழாய் ஒன்றே தந்துவிடும். வால்வுக்குத் தட்டுப்பாடு, தகரத்திற்கு அவ்வளவு தட்டுப்பாடு இல்லை என்ற நிலையில் ஒலிபெருக்கித் தொழில் நின்றுவிடாததற்கு இது ஒரு காரணம். நம்மூர் மைக் செட்காரர்கள் எல்லாரும் அறிந்த அஹுஜா நிறுவனம் தொடங்கப்பட்டது 1940ஆம் ஆண்டில், போருக்கு நடுவில்தான் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வராவிட்டால் இங்கேயே செய்தால் என்ன என்ற கேள்வி எழுவது இயற்கை. அதைக் கேட்டவர்களுள் ஒருவர் கோவை ஜி.டி. நாயுடு. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே 1920இல் ஒற்றைப் பேருந்தோடு தொழிலைத் தொடங்கியவர்; 1937இல் இந்தியாவின் முதல் மின்மோட்டார் கோவையில் உருவாவதற்குத் துணை நின்றவர். ஐந்து வால்வு வானொலிப் பெட்டி ஒன்றை 70 ரூபாய்க்குத் தம்மால் செய்து தர முடியும் என்று அவர் 1941இல் அறிவித்தார். இறக்குமதிப் பெட்டிகளின் விலையோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. அறிவித்த ஆண்டைப் பாருங்கள். மரப்பெட்டியை இங்கே தச்சர் செய்வார். அடிச்சட்டத்தைத் தகடு வெட்டிச் செய்யலாம். மின்மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றத் தெரிந்த கோவைக்குச் சுருளும் மின்மாற்றியும் சுற்றுவது பெரிய வேலை அல்ல. விலையில் பெரும்பகுதியை இப்படிக் குறைத்துவிடலாம் என்ற அவர் எண்ணம் சரியானதே.

ஆனால் வால்வு? அங்கேதான் எல்லாரும் நின்றுவிட்டார்கள். அதற்கு நல்ல காரணம் உண்டு. வால்வின் எதிர்முனையில் பேரியம், ஸ்டிரான்ஷியம் ஆக்சைடுகளைப் பூசிச் செந்நிறம் வரச் சூடாக்கினால் எலெக்ட்ரான்கள் வெளிப்படும். அவை தடையின்றி நேர்முனைக்குச் செல்ல வேண்டுமானால் குழலுக்குள் காற்று இருக்கக் கூடாது. வளிமண்டல அழுத்தத்தில் கோடியில் ஒரு பங்கிற்கும் கீழே இறக்க வேண்டும். எஞ்சிய வாயுவை உறிஞ்சிக்கொள்ளப் பேரியத்தை உள்ளே ஆவியாக்கிப் படியச் செய்வார்கள்; பழைய வால்வின் தலையில் காணும் வெள்ளிப் பூச்சு அதுதான். கண்ணாடிக்குள் நுழையும் கம்பியும் கண்ணாடியும் சூட்டில் ஒரே அளவு விரிய வேண்டும். இல்லாவிட்டால் விரிசல் வழியே காற்று புகும். கட்டக் கம்பிகளுக்கு இடையே மில்லிமீட்டரில் சிறு பங்கே இடைவெளி. தூய நிக்கல், டங்ஸ்டன், உயர்ந்த வெற்றிட எக்கிகள், தேர்ந்த கைகள் எல்லாம் ஒரே கூரையின்கீழ் வேண்டும். அன்றைய இந்தியாவில் எவரும் வணிக அளவில் வால்வு செய்யவில்லை. 70 ரூபாய்ப் பெட்டியும் ஐந்து வால்வுகளுக்காகக் கடல் கடந்து கையேந்தியே ஆக வேண்டும். ஒரு மனிதரின் திறமைக்கும் ஒரு நாட்டின் தொழில் அடிப்படைக்கும் உள்ள தொலைவை இந்த எடுத்துக்காட்டு நன்கு காட்டுகிறது. நாயுடுவைப் பற்றி எழுதுவோர் பலர் அரசின் பாராமுகத்தை மட்டுமே குறை கூறுவர். அது உண்மையின் ஒரு பகுதி.

இனி சிகாகோ ரேடியோவிற்குத் திரும்புவோம். 1942 ஆகஸ்ட் 8ஆம் நாள் பம்பாய் கோவாலியா குளத் திடலில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடியுமுன் தலைவர்கள் அனைவரும் சிறைப்பட்டனர். செய்தித்தாள்களின் வாய் கட்டப்பட்டது. அப்போது உஷா மேத்தா என்ற 22 வயது மாணவியும் அவருடைய தோழர்கள் சிலரும் ஓர் இரகசிய வானொலி நிலையம் அமைக்க முற்பட்டனர். ராம் மனோகர் லோகியா அவர்களுக்கு வழிகாட்டினார். ஆர்வம் இருந்தது, ஆனால் ஒலிபரப்பிக்கு வேண்டிய பொருள்கள் எங்கே கிடைக்கும்? அமெச்சூர்களின் கருவிகள் காவல் நிலையத்தில் கிடந்தன. இறக்குமதி இல்லை. பெரிய வால்வுகளும் ஒலிவாங்கிகளும் பெருக்கிகளும், அவற்றைக் கையாளத் தெரிந்த ஆட்களும் உள்ள இடங்கள் நகரத்தில் ஒரு சிலவே. சிகாகோ ரேடியோ அவற்றுள் ஒன்று. கருவிகளும் தொழில்நுட்பப் பணியாளர்களும் நானிக் மோட்வானேயிடமிருந்து கிடைத்ததாக உஷா மேத்தா பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

ஒரு நிறுவனத் தலைவர் என்ற முறையில் நானிக் எதைப் பணயம் வைத்தார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவருடைய உரிமம் அரசு கொடுத்தது. அவருக்கு எஞ்சியிருந்த சரக்கை அரசு ஒரே ஆணையில் கைப்பற்றிவிட முடியும். பல குடும்பங்கள் அவர் நிறுவனத்தை நம்பி இருந்தன. போர்க்காலத்தில் எதிரிக்கு உதவியதாக ஒரு வணிகர் மீது குற்றம் சாட்டினால் அவர் பக்கம் பேச யாரும் வரமாட்டார்கள். ஒதுங்கி இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கவும் மாட்டார்கள். வணிகத்தைக் காப்பாற்றுவதே தலைவரின் முதற்கடமை என்று சொல்லும் நூல்கள் இத்தகைய நேரத்தில் ஒருவருக்குத் துணை செய்வதில்லை.

1942 ஆகஸ்ட் மாதக் கடைசியில் காங்கிரஸ் வானொலி பேசத் தொடங்கியது. '42.34 மீட்டரில், இந்தியாவில் எங்கோ ஓரிடத்திலிருந்து' என்று அது தன்னை அறிவித்துக்கொண்டது. அலைநீளம் தெரிந்தால் அலைவெண் காண்பது எளிது. ஒளியின் வேகத்தை 42.34 மீட்டரால் வகுத்தால் சுமார் 7.1 மெகாஹெர்ட்ஸ். இது அமெச்சூர்களுக்குப் பழக்கமான 40 மீட்டர்ப் பட்டையை ஒட்டியது. இதில் இரண்டு நன்மைகள். அரை அலைநீள வான்கம்பிக்கு 21 மீட்டர் கம்பி போதும். மாடி வீட்டின் மேல் துணி உலர்த்தும் கொடி போலக் கட்டிவிடலாம். இரண்டாவது, இருட்டிய பிறகு இந்த அலைகள் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவில் இறங்கும். சிறிய நிலையத்தின் குரல் நகரத்தைத் தாண்டிச் செல்ல இது வழி செய்தது. சிட்டகாங்கில் குண்டு விழுந்ததையும், ஜாம்ஷெட்பூர் வேலைநிறுத்தத்தையும், ஆஷ்டி, சிமூர் ஊர்களில் நடந்த கொடுமைகளையும் மக்கள் இவ்வானொலி வழியே அறிந்தனர்.

ஒலிபரப்பியின் இருப்பிடத்தைக் கண்டுபிடிக்கும் முறையும் இயற்பியல்தான். வளையக் கம்பி ஒன்றைச் சுழற்றினால், அதன் தளம் அலை வரும் திசைக்குச் செங்குத்தாகும்போது குறிப்பொலி மிகவும் தேய்ந்துவிடும். இரண்டு இடங்களிலிருந்து இவ்வாறு கோடு போட்டால் அவை வெட்டும் இடத்தில் நிலையம் இருக்கும். ஒரே இடத்தில் நெடுநாள் தங்கினால் அகப்படுவது உறுதி. ஆகவே குழுவினர் சௌபாத்தி, லேபர்னம் சாலை, சாண்ட்ஹர்ஸ்ட் சாலை, கிர்காம், மகாலட்சுமி என்று கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு மாறியபடியே இருந்தனர். முடிவில் அவர்களைக் காட்டிக்கொடுத்தது வளையக் கம்பி அல்ல. ஒலிபரப்பியை அமைத்துத் தந்த நரிமன் பிரிண்டர் என்பவர் பிடிபட்டு, காவல்துறைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நவம்பர் 12ஆம் நாள் இரவு கிர்காம் பாரேக் வாடிக் கட்டடத்தில் கதவு உடைக்கப்பட்டது. மூன்று மாதங்களுக்குள் காங்கிரஸ் வானொலி ஓய்ந்தது.

குற்றம் சாட்டப்பட்ட ஐவருள் நானிக் மோட்வானேயும் ஒருவர். தனி நீதிமன்றத்தில் வழக்கு நடந்து 1943 மே மாதம் தீர்ப்பு வந்தது. பாபுபாய் கக்கருக்கு ஐந்து ஆண்டும், உஷா மேத்தாவுக்கு நான்கு ஆண்டும், சந்திரகாந்த் ஜவேரிக்கு ஓராண்டும் சிறை. விட்டல்தாஸ் ஜவேரியும் நானிக்கும் விடுதலை ஆயினர். உஷா மேத்தா 1946 வரை சிறையில் இருந்தார். காவல்துறையினர் ஒலிபரப்பை நாள்தோறும் கேட்டு எழுதி வைத்த குறிப்புகள் சான்றாவணங்களாக நீதிமன்றம் சென்றன. இன்று அந்த வானொலி என்ன பேசியது என்பதை அறிய நமக்கு உதவுபவையும் அவையே.

விடுதலையான நானிக் மீண்டும் தொழிலுக்கே வந்தார். நாடு சுதந்திரம் பெற்றபின் நேருவின் கூட்டங்களில் அதே பெயர்ப் பலகை தாங்கிய ஒலிவாங்கிகள் நின்றன. ஆனால் நிறுவனம் பிறந்த சிந்து அயல்நாடாகிவிட்டது. போர் தந்த வேறொரு பயனும் வணிகர்களுக்குக் கிட்டியது. படைகள் விட்டுச்சென்ற கருவிகள் 'டிஸ்போசல்' சரக்கு என்ற பெயரில் விற்பனைக்கு வந்தன. ஆறு ஆண்டுகள் ஒரு வால்வுக்காக ஏங்கியவர்கள் இப்போது அவற்றை மலிவாகப் பெற்றனர். வானொலிக் கடைகளும் அமெச்சூர்களும் கல்லூரி ஆய்வகங்களும் அந்தச் சரக்கில் பல ஆண்டுகள் பிழைத்தன.

சிகாகோ ரேடியோ கடை என்ற நிலையைக் கடந்து ஒலிபெருக்கிக் கருவிகளைத் தானே செய்யும் தொழிற்சாலை ஆயிற்று. நானிக் 1970இல் காலமானார். வால்வைப் பொறுத்தவரை, 1954இல் பெங்களூரில் அமைந்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், பிலிப்ஸின் தொழில்நுட்ப உதவியோடு 1961இல் வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் பிறந்து அப்போதே 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. பெங்களூர் நிறுவனமும் அடுத்த ஆண்டிலேயே ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் கை வைத்தது.